நூறு நாள் தண்டலும் ஒரு பி.காம். மாணவியும் – வாசகர் கேள்வி பதில்

மதுரையில் வணிகவியலும் மேலாண்மையும் மட்டுமே சொல்லிக்கொடுக்கும் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் 11 ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராகவும் இருந்தேன். கல்லூரி வாழ்க்கை பற்றியும், மாணவர்கள் வெளியே போய்ச் செய்யும் சேவை பற்றியும் கேள்வி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பி.காம். முதலாண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ்.ஸில் சேரச் சொல்கிறார்கள். என் அண்ணன், “அதெல்லாம் கோயில் வாசலைக் கூட்டுற வேலைடா, அந்த நேரத்துக்குக் கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டேலி கிளாஸ் போ” என்கிறான். எதில் சேரட்டும்?
– மாணவர், திருமங்கலம்

தம்பி, இரண்டிலும் சேர். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தான் என்.எஸ்.எஸ். கேட்கிறது. வாரத்துக்குப் பிரித்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தில் கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம் இருக்கும். அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டு ஜாமங்கள்.

உன் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. நான் பொறுப்பேற்ற முதல் இரண்டு வருடம் நாங்களும் கூட்டித்தான் இருக்கிறோம். கூட்டுவது குறைவான வேலை இல்லை. ஆனால் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் கையில் துடைப்பத்தை மட்டும் கொடுத்தது எங்கள் தவறு. மூன்றாம் வருடம் முகாம் போட்ட ஊரில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருந்தது. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் நான்கையும் எழுதிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால் ஐந்து மாதமாக எதுவும் எழுதப்படவில்லை. அதனால் வங்கிக் கடன் நின்றிருந்தது. வகுப்பில் பற்று எது வரவு எது என்று தடுமாறும் ஒரு பையன், 14 பெண்களை வரிசையாக உட்காரவைத்து, வாராவாரம் கட்டிய தொகையை அவர்கள் நினைவிலிருந்தே கேட்டு எழுதினான். ஆறாம் நாள் ராத்திரி பெட்டிப் பணமும் புத்தகக் கணக்கும் 20 ரூபாய் வித்தியாசத்தில் வந்து நின்றன. அந்த 20 ரூபாயைக் கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் இரட்டைப் பதிவு முறையைச் சொல்லித்தர வேண்டி இருக்கவில்லை.

டேலி வகுப்பையும் விட்டுவிடாதே. கற்றதை உன் தெருமுனை மளிகைக் கடைக்காரரின் கடன் நோட்டில் போட்டுப் பார்.

கேள்வி: நாங்கள் எம்.பி.ஏ. முதலாண்டு மாணவிகள். ஒரு கிராமத்துக்கு 86 கேள்விகள் உள்ள படிவத்தோடு கணக்கெடுக்கப் போனோம். மூன்றாவது வீட்டிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். “போன வருசமும் இப்படித்தான் வந்து எழுதிட்டுப் போனாங்க” என்று ஒரு பாட்டி சத்தம் போட்டார். எங்கே தவறினோம்?
– நான்கு மாணவிகள், மதுரை

பாட்டி சொன்னதிலேயே பதில் இருக்கிறது, பிள்ளைகளா. போன வருடம் எழுதிக்கொண்டு போனதை யாராவது திரும்பிப் போய் அவர்களிடம் வாசித்துக் காட்டினார்களா? உங்கள் துறை அலமாரியில் அந்த அறிக்கை இருக்கும். தேடி எடுங்கள். முதல் வேலையாக அதைச் சாவடியில் உட்கார்ந்து தமிழில் வாசியுங்கள். “இது தப்பு, அது இப்படி இல்லை” என்று அவர்கள் திருத்துவார்கள். 86 கேள்வியும் கேட்டாலும் கிடைக்காத விவரம் அந்தத் திருத்தத்தில் கிடைக்கும்.

அடுத்தது, “மாத வருமானம் எவ்வளவு?” என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். அது சம்பளம் வாங்குகிறவர்களிடம் கேட்க வேண்டியது. தீபாவளிக்கு இரண்டு ஆட்டை விற்று, சீசனில் பூப்பறித்து, திருப்பூரிலிருந்து மகன் அனுப்புவதை வாங்கி, ரேஷன் அரிசியில் சமாளிக்கும் வீட்டுக்கு மாதம் என்ற கணக்கே கிடையாது. பதிலாக வாயில் வருவதை ஒரு எண்ணாகச் சொல்லி அனுப்புவார்கள், நீங்கள் அதைச் சராசரி போட்டுப் படம் வரைவீர்கள். “நேற்றுக் கடையில் என்ன வாங்கினீங்க?” என்று தொடங்குங்கள். ஊர் நிலவரத்தை ஊர்மக்களே சேர்ந்து கண்டறியும் முறையை பி.ஆர்.ஏ. என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கோலமாவை அவர்கள் கையில் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொல்லுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தத் தெருவுக்கு விளக்கு இல்லை என்பதெல்லாம் அவர்களே சண்டை போட்டு வரைவார்கள்.

கணக்கெடுப்பு பற்றி எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2021-இல் பி.காம். இரண்டாமாண்டு பிள்ளைகளை மாட்டுத்தாவணிப் பக்கம் நடைபாதை வியாபாரிகளிடம் அனுப்பினேன். ஒரு மாணவியும் அவள் தோழியும் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மாவிடம் போனார்கள். மொத்தச் சந்தையில் விடியுமுன் மல்லிகை எடுத்து, பேருந்து நிலையத்துக்கு வெளியே முழம் போட்டு விற்பவர். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மல்லியை எடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பூ, பனியில் மொட்டு கருகி வரத்து குறைந்தாலோ தை முகூர்த்தம் வந்தாலோ ஆயிரங்களில் போகும். அன்றைக்குக் கையில் முதல் இல்லாதவர் சந்தைக்குப் போக முடியாது. அதற்குத்தான் தண்டல், அதாவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடன்.

அந்த அம்மா 10,000 ரூபாய் தண்டல் எடுத்திருந்தார். கையில் வந்தது 8,500. 1,500 ரூபாயை வட்டியாக முன்பே பிடித்துக்கொண்டார்கள். அது போக, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மாணவி படிவத்தில் “வட்டி 15 சதவீதம்” என்று எழுதிக்கொண்டு வந்தாள். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை வகுப்பு தொடங்குமுன் அவள் வந்து நின்றாள்.

“மேடம், நேத்து எழுதினது தப்பு. 8,500 ரூபாயும் நூறு நாளும் அவங்க கையில இல்லையே. முதல் நாளே நூறு ரூபாய் திரும்பிப் போகுது. ஐம்பதாம் நாள்ல பாதி போயிருச்சு.”

கரும்பலகையில் சேர்ந்து போட்டோம். நூறு நாளும் சராசரியாக அவர் கையில் இருந்தது 4,500 ரூபாய் சொச்சம். அதற்கு வட்டி 1,500. நூறு நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 120 சதவீதம். “பத்து வட்டி” என்று ஊரே பயந்து பேசுகிறதே, நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 120 சதவீதம்தான். பெயர்தான் வேறு. ஒன்றைக் கேட்டால் பதறுகிறோம், இன்னொன்றை “நாளுக்கு நூறு ரூபாதானே” என்று கடந்துபோகிறோம். வருடாவருடம் வட்டிக் கணக்கு நடத்திய நான் இதைப் பார்க்கவில்லை, இரண்டாமாண்டு மாணவி பார்த்தாள்.

கண்டுபிடித்த வேகத்தில் பிள்ளைகள் அன்று சாயங்காலமே அந்த அம்மாவிடம் ஓடினார்கள். நானும் கூடப் போனேன். மாணவி நோட்டை விரித்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் நார் கிழித்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

“தெரியும்டா கண்ணு. கணக்குத் தெரியாம இல்ல. அந்தத் தம்பி காலைல நாலு மணிக்கு டீக்கடைல நிப்பாரு. போன உடனே குடுப்பாரு. உங்க பேங்கு பத்து மணிக்குத் திறக்கும். பத்து மணிக்கு எனக்குப் பூவே முடிஞ்சிரும்.”

பிள்ளைகளா, நீங்கள் படிக்கும் சந்தையியல், நிதி மேலாண்மை எல்லாவற்றுக்கும் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. அவர் அறியாமையால் ஏமாறவில்லை. நாலு மணிக்குக் கிடைக்கும் பணத்துக்கு விலை கொடுக்கிறார். அந்த விலை அநியாயம். ஆனால் அவருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தால் அந்த அநியாயம் தீராது. நாலு மணிக்குக் கையில் இருக்கும்படி மலிவான பணம் வேறு வேண்டும்.

நடைபாதை வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் 2020 ஜூனில் வந்திருந்தது. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு வருடத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். ஜாமீன் கிடையாது. ஆனால் வியாபாரி என்பதற்கு உள்ளாட்சி அமைப்பின் சான்று வேண்டும், ஆதாரோடு செல்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் ஆதாரில் இருந்தது, எப்போதோ தொலைந்த எண். எண்ணை மாற்ற இரண்டு நாள், சான்றுக்கு மூன்று நாள், வங்கிக்கு நான்கு நாள். ஒவ்வொரு நாளும் அவருக்கு வியாபாரம் கெடக் கூடாது என்று ஒரு மாணவி கூட வரிசையில் நிற்க, இன்னொருத்தி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்றாள். முழம் அளக்கத் தெரியாமல் தாராளமாகக் கொடுத்து முதல் நாள் நஷ்டம். இரண்டாம் நாள் அந்த அம்மாவே அவள் முழங்கையைப் பிடித்து அளவு காட்டிக்கொடுத்தார்.

கடன் வந்தது. அப்போது இரண்டு தண்டல் வைத்திருந்தார், ஒன்றை முடித்தார். இன்னொன்றை விடவில்லை. “அவசரத்துக்கு அந்தத் தம்பி வேணும்” என்றார். மாணவிக்கு வருத்தம். அறிக்கையில் அதையும் எழுதச் சொன்னேன், எழுதினாள்.

கேள்வி: முகாமுக்குப் போகும் வீடுகளில் டீ, பலகாரம் கொடுக்கிறார்கள். ஏழைகளிடம் வாங்கிச் சாப்பிடுவது தவறாகத் தெரிகிறது. மறுக்கலாமா?
– மாணவி, சிவகங்கை

மறுக்காதே அம்மா. வாங்கிக் குடி. டம்ளரை நீயே கழுவி வை. எந்த வீட்டில் குடித்தாய், எந்தத் தெருவில் குடிக்காமல் வந்தாய் என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். ஊரின் எல்லாத் தெருவிலும் குடி.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஊறுகாய், சிறுதானிய முறுக்கு செய்யும் குழு. போன ஆண்டு ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். ஆன்லைனில் விற்றுத் தருகிறோம் என்று ஆறு பாட்டில்களைப் படம் பிடித்தார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்களுக்குப் பரிசு கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம். அதோடு சரி, யாரும் வரவில்லை. இப்போது இன்னொரு கல்லூரியிலிருந்து கேட்கிறார்கள். வரச் சொல்லலாமா?
– சுயஉதவிக் குழுத் தலைவி, தேனி மாவட்டம்

தங்கச்சி, படித்துவிட்டு எனக்கு மனசு கனத்துப்போனது. அந்தப் பிள்ளைகள் சார்பில், அவர்களைத் திருப்பி அனுப்பாத ஆசிரியர்கள் சார்பிலும், மன்னித்துக்கொள்ளுங்கள். மார்க் போட்டு முடித்ததும் எங்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

வரச் சொல்லுங்கள். ஆனால் இந்த முறை என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். ஆன்லைன் விற்பனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அடக்க விலை போடச் சொல்லுங்கள். அது அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது, செய்ய முடியாது என்று சொல்ல முடியாது.

எங்கள் முகாம் ஊரில் ஒரு குழு மாங்காய்த் தொக்கு கால் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். செலவு 41 ரூபாய், 19 ரூபாய் லாபம் என்று நினைத்திருந்தார்கள். என் மாணவர்கள் இரண்டு நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து, கேஸ், பாட்டில், மூடி, சந்தைக்குப் போகும் பேருந்துக் கட்டணம், உடைந்த பாட்டில், இரண்டு பெண்களின் அரை நாள் கூலி எல்லாம் சேர்த்தார்கள். 67 ரூபாய் வந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஏழு ரூபாயைத் தங்கள் உழைப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “எங்க கூலியை நாங்க கணக்குல சேர்க்கவே இல்லையே” என்று ஒரு அக்கா கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் 150 கிராம் பாட்டிலுக்கு மாறி, விலையையும் மாற்றினார்கள்.

அதன் பிறகு காகித வேலை. உங்கள் விற்பனை ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் கிடைக்கும், அதை லேபிளில் போட வேண்டும். சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். சிறுதொழில் என்று உத்யம் தளத்தில் பதிவு செய்வது முற்றிலும் இலவசம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, பணம் கொடுத்துவிடாதீர்கள். இதையெல்லாம் பிள்ளைகள் ஒரு மதியத்தில் முடித்துத் தரலாம்.

விற்க இடம் வேண்டுமா? மகளிர் திட்டத்தில் கல்லூரிச் சந்தை என்று நடத்துகிறார்கள். குழுக்களின் பொருள்களைக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கடை போட்டு விற்கலாம். உங்கள் ஊராட்சியளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். வரும் கல்லூரியிடம், “எங்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் உங்கள் கல்லூரியில் எங்களுக்கு இரண்டு நாள் கடை போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: நிதி விழிப்புணர்வு முகாம் நடத்தப் போகிறோம். என்ன தலைப்பு எடுக்கலாம்?
– பி.பி.ஏ. மாணவர், திருச்சி

ஒரே ஒரு விஷயம் எடு, தம்பி. 20 ரூபாயும் 436 ரூபாயும்.

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால், ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. முன்பு 12, 330 என்று இருந்தது, 2022 ஜூனில் உயர்த்தினார்கள். இரண்டுமே ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் பணத்தைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு தொடராது.

2019-இல் எங்கள் முகாம் ஊரில் ஒரு தென்னை மரமேறுபவர் அக்டோபரில் விழுந்து இறந்தார். முந்தின வருடம் எங்கள் பிள்ளைகள்தான் அவரைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். துக்கம் கேட்கப் போனபோது அந்த வீட்டம்மா பாஸ்புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். வங்கியில் பதிவு போட்டு வாங்கிப் பார்த்தோம். மே மாதம் கணக்கில் 7 ரூபாய் இருந்திருக்கிறது. வேண்டியது 12. வங்கியின் மேல் குறை சொல்ல முடியாது. நினைவூட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். மே மாதம் நாங்கள் கோடை விடுமுறையில் இருந்தோம்.

அதனால் நீ முகாமைக் கல்லூரி வசதிப்படி செப்டம்பரில் வைக்காதே. ஏப்ரலில், தேர்வுக்கு முன்னால் வை. சேர்த்துவிடுவதோடு நிறுத்தாமல், சேர்த்தவர்களின் பெயர், செல்பேசி எண்ணை ஒரு நோட்டில் எழுதி வை. மே 15-க்கு மேல் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “கணக்கில் 500 ரூபாய் இருக்கா?” என்று கேள். அறுபது பேர் இருந்தால் இரண்டு சாயங்காலம் போதும்.

கேள்வி: மகளை ஏழு நாள் முகாமுக்கு அனுப்பக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– தந்தை, விருதுநகர்

பயம் நியாயமானது ஐயா. முகாமுக்கு முன்னால் நீங்களே அந்த ஊருக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். எங்கே தூங்குவார்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா, பெண் ஆசிரியர் ராத்திரியும் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தால் போடுங்கள். தினம் நான்கு தடவை போன் செய்யாமலும் இருங்கள்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். களப்பணி என்றாலே நிர்வாகம் பேனரும் படமும்தான் கேட்கிறது. மேலாண்மைக் கல்லூரியில் உருப்படியாக எதையும் செய்ய முடியுமா?
– கோவை

முடியும். உங்களுக்கு முன்னால் பெரிய ஆள் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். 1972-இல் அந்தப் பதவியைத் தானே விட்டுவிட்டுச் சாதாரணப் பேராசிரியராக வகுப்புக்குத் திரும்பினார். 1975-இல் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் ஜவாஜா என்ற வறண்ட வட்டாரத்துக்குப் போனார். அங்கே நெசவாளர்களும் தோல் தொழிலாளிகளும் இருந்தார்கள். கைத்தொழில் இருந்தது, சந்தை இல்லை. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கூடச் சேர்ந்து, அந்த மக்களோடு உட்கார்ந்து புதிய பொருள்களையும் வெளிச் சந்தைக்கான வழியையும் உண்டாக்கினார்கள். ஆரம்பத்திலிருந்தே மத்தாயின் எண்ணம், வெளியிலிருந்து வந்தவர்கள் ஒருநாள் தேவைப்படாமல் போக வேண்டும் என்பது. தொழிலாளிகளே தங்களுக்கென அமைப்பு வைத்து நடத்தும் நிலை வந்தது.

உங்களுக்கு அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை. ஒரு தெரு போதும். பேனரைப் பற்றி நிர்வாகத்தோடு சண்டை போட்டு ஆரம்பத்திலேயே சக்தியை வீணாக்காதீர்கள். ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனையை முதல்வரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மூன்று வருடம் ஒரே இடம். ஒவ்வொரு வருடமும் புது ஊரைத் தத்தெடுப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. முதல் வருடம் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாம் வருடம் உண்மையான கடன் விவரத்தைச் சொல்வார்கள். மூன்றாம் வருடம்தான் உங்கள் மாணவர்களால் ஏதாவது செய்ய முடியும். இதை நான் அனுபவத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: இதெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவில் உதவுமா?
– எம்.பி.ஏ. மாணவர், சென்னை

உதவும். சான்றிதழ் உதவாது. “நீ சந்தித்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்” என்று கேட்டால், நாலு மணிக்கு ஏன் தண்டல் ஜெயிக்கிறது என்று உன்னால் ஐந்து நிமிடம் பேச முடியுமா? அது உதவும். ஆனால் அதற்காகப் போகிறாய் என்றால் அந்த அம்மாவுக்கு உன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் இறுதியாண்டு. இரண்டு வருடமாக ஒரு தெருவில் 22 வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்து வருகிறோம். ஏப்ரலோடு போய்விடுவோம். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. என்ன செய்வது?
– மாணவர்கள், திண்டுக்கல்

இந்த வாரம் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இதுதான்.

பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். இரண்டாமாண்டில் நான்கு பேரைப் பிடியுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் பெயரைச் சேர்த்துவிட்டால் ஒப்படைத்ததாக ஆகாது. ஒவ்வொரு கடையாகக் கூட்டிக்கொண்டு போய், “அண்ணே, இனிமே இவன் வருவான்” என்று கையைக் காட்டுங்கள். அடுத்த நான்கு வாரம் அவர்கள் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எந்தக் கடைக்காரருக்குக் கண் சரியாகத் தெரியாது, யாரிடம் மதியம் போகக் கூடாது, யார் வீட்டில் கடன் விவரம் மனைவிக்குத் தெரியாது என்பதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் இருக்காது. அதை வாயால் சொல்லிக்கொடுங்கள், எழுதிவைக்காதீர்கள்.

22 பேருக்கும் நீங்கள் போகும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட்டுகளை அவரவரிடமே கொடுங்கள். கல்லூரிக்கு நகல் போதும், அதுவும் அவர்கள் சம்மதித்தால்.

அந்தப் பூக்காரம்மாவின் நோட்டை என் மாணவி 2022-இல் தன் தம்பி வகுப்புப் பெண் ஒருத்தியிடம் இப்படித்தான் மாற்றிவிட்டுப் போனாள். அந்தப் பெண் இன்னொருத்தியிடம். போன தை மாதம் மாட்டுத்தாவணியில் இறங்கியபோது பார்த்தேன். நார்க்கூடைக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் அதே நோட்டு இருந்தது, அட்டை மட்டும் மாறியிருந்தது. அதைத் திறந்து காட்ட அவருக்கு நேரம் இல்லை. கூட்டமான நேரம். இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.